ரிட்டன் லோடு

நகரத்தை விட்டுப் போகிறவர்கள் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த உடனே நகரத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் திட்டு வண்டி வாடகையிலேயே சேர்த்தி. "மனுஷன் வாழ்வானா இங்க? தண்ணி கிடையாது, காத்து கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் செத்தாக்கூட ஒரு வாரம் கழிச்சு மூக்குக்குத்தான் முதல்ல தெரியும்" என்பார்கள். ஊர் எல்லை தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, இத்தனை வருஷமும் மூச்சே விடாமல் இருந்தவர்கள்போல ஒரு பெருமூச்சு விடுவார்கள். முகத்தில் அடிப்பது முன்னால் போகும் டேங்கர் லாரியின் புகையாக இருக்கும். அதையும் சுத்தமான காற்று என்று நம்பி இழுப்பார்கள்.

திரும்பி வரும்போது அதே சீட்டில் வேறொரு குடும்பத் தலைவர் இருப்பார். "அது ஊரா? சுடுகாடு. பொழுது சாஞ்சா கடையைச் சாத்திட்டுப் படுத்துருவானுங்க. நம்ம வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு நமக்கு முன்னாடி எதிர்வீட்டுக்குத் தெரியும்" என்பார்.

இரண்டு பேருக்கும் வண்டிக்காரர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "வாஸ்தவந்தான் சார்."

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் என்பதால் தெருவில் அவருக்கு வீடுமாத்தி என்று பெயர். அவருடைய பிழைப்பின் சூட்சுமமே இந்த இரண்டு வெறுப்பும் ஒரே நாளில் முற்றுவதில்தான் இருந்தது. போகிறவன் போகிற அன்றைக்கே அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கிளம்பி வந்தால் வண்டி இரண்டு பக்கமும் நிறையும். அதற்குத் தொழிலில் ரிட்டன் லோடு என்று பெயர். அது கிடைக்காவிட்டால் வெறும் வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டே திரும்ப வேண்டும்.

ஊரில் பாதிப் பேரை இடம் மாற்றி வைத்த வீடுமாத்தி, தான் மட்டும் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தார். மூன்றாம் மாடி, இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ஒரு குழாய். அந்தக் குழாயில் ஓர் ஒழுக்கு. இதுதான் அவர்களுடைய இயற்கைக் காட்சி.

அவர் மனைவி பல் செட் செய்யும் லேபில் பாலீஷ் பிரிவில் இருந்தாள். மாவுக்கல் பொடியை ஈரமாகக் குழைத்து, சுற்றும் சக்கரத்தில் பல் வரிசையைக் காட்டிக்காட்டி வழுவழுப்பாக்குவது வேலை. அழுத்தினால் செட்டின் பிளாஸ்டிக் ஈறு கருகும், சொரசொரப்பாக விட்டால் போட்டுக்கொள்பவர் நாக்கைக் கீறும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம் வரை வெள்ளைப் பொடி படிந்திருக்கும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அதற்கு மேல் அவளைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதுதான் அந்த நகரத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை. பல்லக்காவுக்கோ அதுதான் சம்பளத்துக்கு மேல் கிடைத்த போனஸ். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு ஊரில் இருந்த கொஞ்ச காலத்தில், தெருவில் இறங்கினால் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றுபோனது. லேபில் ஒரே பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு மற்றவளின் சாப்பாட்டு டப்பாவைத் தெரியும், வீட்டைத் தெரியாது. காசு கொடுத்தாலும் கிடைக்காத மரியாதை என்று அவள் அதை நினைத்தாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

புருஷனுக்கு இருந்த வியாதி வேறு. வண்டி நிறுத்த இடம் இல்லை. லோடு இறக்கிவிட்டு வந்தவர் தெருத்தெருவாகச் சுற்றுவார். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினால் வாட்ச்மேன் விரட்டுவார். மருந்துக்கடை ஓரம் நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது. ஒருமுறை பேட்டரியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கேயோ நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். வெளியே ஏதாவது ஹாரன் கேட்டால் கை சோற்றிலேயே நின்றுவிடும்.

"நம்ம வண்டியா?"

"நம்ம வண்டி எதுக்குத் தானா ஹாரன் அடிக்குது? சாப்பிடுங்க."

"இல்ல, யாராவது இடிச்சுட்டு..."

"கல்யாணம் ஆனதுலருந்து என்னை இப்பிடி ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பீங்களா?"

"நீ வீட்டுக்குள்ளதான இருக்க?"

இந்த நிலையில்தான் ஒரு சின்ன ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் போன் செய்தார். நகரத்துக்குக் குடிவர வேண்டும், வாடகை என்ன ஆகும், அப்படியே உங்களுக்குத் தெரிந்த வீடு ஏதாவது உண்டா என்று கேட்டார். பேச்சுவாக்கில் தன் வீட்டுக்குப் பக்கவாட்டில் லாரி நிற்கிற அளவுக்குக் காலி இடம் இருப்பதாகச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

வீடுமாத்தியின் மூளையில் ரிட்டன் லோடு பளிச்சென்று எரிந்தது. இவர் சாமான் அங்கே போகும், அவர் சாமான் அதே வண்டியில் இங்கே வரும். அவர் வீட்டில் இவர், இவர் வீட்டில் அவர்.

அன்றைக்கே இரண்டு பேரும் போனில் வீட்டை வர்ணித்துக்கொண்டார்கள். கரண்ட் போய், பல்லக்கா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். வீடுமாத்தி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "காத்து அப்பிடி வரும் சார். ஃபேனே போடுறதில்ல" என்றார். மறுமுனையில் ஹெட்மாஸ்டர், "இங்கு மிக அமைதியான சூழல். அண்டை அயலார் பொன்னானவர்கள். நம்மைத் தம் குடும்பத்தில் ஒருவராகவே கருதுவார்கள்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பல்லக்கா, இந்தக் கடைசி வாக்கியத்தில் காலண்டர் அட்டையைக் கீழே வைத்தாள்.

விஷயம் கட்டடத்தில் பரவியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியில் வழிமறித்தார். அவரும் நகரத்தை விட்டுப் போகப்போகிறவர்தான். இருபது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

"மிகச் சரியான முடிவு. இந்த மாநகரம் மனிதனை எண்ணாக்கிவிட்டது. சங்கக் கூட்டத்துலயே நான் இதைப் பேசியிருக்கேன். நான் பேசினப்ப யாரும் எந்திரிச்சுப் போகல."

"கதவு பூட்டியிருந்துச்சு சார்" என்றாள் பல்லக்கா.

"எனக்கும் அடுத்த வருஷம் ஒரு தோட்டம், ஒரு கிணறுன்னு போயிடணும்."

"நம்ம வண்டிதான சார்?" என்றார் வீடுமாத்தி ஆவலாக.

செயலாளர் அவசரமாக மேலே ஏறிப் போய்விட்டார்.

"உனக்கு வரப் பிடிக்கலையா?" என்று வீடுமாத்தி அவளிடம் கேட்டார். "வேலைக்காகவா? அங்கயும் மனுஷனுக்குப் பல்லு விழும்."

"விழும். அதைச் செட்டு கட்ட இங்கதான் அனுப்புவானுங்க."

"ஒரு தடவை வந்து பாரு. பிடிக்கலன்னா விட்டுரலாம்."

பாத்திரத்தைத் துலக்கியபடியே அவள் சரி என்றாள். ஒரே தட்டை மூன்று தரம் துலக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் குடிபோகிற ஒரு குடும்பத்தின் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். லோடு ஏற்றுவதில் வீடுமாத்திக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கட்டிலைப் பிரித்தால் அதன் திருகாணிகளைத் துணியில் முடிந்து கட்டில் காலிலேயே கட்டிவிடுவார். கண்ணாடிக்கு நடுவில் மெத்தை. அடுப்பும் ஒரு பாயும் கடைசியில் ஏறி முதலில் இறங்கும். போய்ச் சேர்ந்ததும் மனுஷனுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான் என்பார். வழியெல்லாம் அந்தக் குடும்பத் தலைவர் நகரத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். "வாஸ்தவந்தான் சார்" என்று சொல்லும்போதெல்லாம் வீடுமாத்தி மனைவியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அவர்களை இறக்கிவிட்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெரு துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் வண்டி நின்ற உடனே ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை முளைத்தது.

ஹெட்மாஸ்டர் வாசலிலேயே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "மாநகரம் என்பது ஒரு திறந்த பல்கலைக்கழகம். நூலகங்கள், சொற்பொழிவுகள், அறிஞர் தொடர்பு! இங்கே என் அறிவு துருப்பிடிக்கிறது."

"வாஸ்தவந்தான் சார்" என்றார் வீடுமாத்தி. அவர் கண் பக்கவாட்டுக் காலி இடத்தில் இருந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே வந்து அறை ஜன்னலைத் திறந்தார். வண்டி முழுசாகத் தெரிந்தது, முன் பம்பரிலிருந்து பின்கதவுக் கொண்டி வரைக்கும். நடந்து நாலாவது எட்டில் திரும்பிப் பார்த்தார். அப்போதும் தெரிந்தது. முதல் சம்பளம் வாங்கியவன் முகம்போல இருந்தது அவர் முகம். பல்லக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல அடுக்களைக்குள் போனாள். மேடை உயரம், குழாய், புகை போகிற வழி. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அளந்துகொண்டிருந்தாள்.

வீடுமாத்தி மறுபடி வண்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அம்மா கேட்காமலே உள்ளே வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ. நல்ல டீ, அதைக் குறை சொல்ல முடியாது.

"குடிங்க, களைச்சு வந்திருப்பீங்க. பசங்க ரெண்டு பேரும் யாரு ஜாடை?"

"என்னது?"

"பெரியவனும் சின்னவனும்தான். அப்பா ஜாடையா, அம்மா ஜாடையா? ஹாஸ்டல்ல இருக்கானுங்களாமே. உங்க வீட்டுக்காரர் வெளிய சொல்லிட்டு இருந்தாரு."

டீ தொண்டையில் சுட்டது. பல்லக்கா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, ஆசையாகத்தான் கேட்கிறார்.

"பெரியவன் அவரு ஜாடை" என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலே.

"சின்னவன்?"

"எங்க அப்பா மாதிரி."

"நெனச்சேன். சின்னதுங்க எப்பவும் அம்மா வீட்டுப் பக்கந்தான் சாயும்."

அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வண்டிப் பக்கம் வீடுமாத்தியைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். மளிகைக்கடைக்காரர் ஏதோ கேட்டார். வீடுமாத்தி கையை உயர்த்தி, தன் காதுக்கு நேராக ஓர் உயரத்தைக் காட்டினார். பிறகு யோசித்து, கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பிள்ளைகள் தெரு முழுக்க வளர்ந்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரரின் தம்பி மகன் பெரியவன் படிக்கிற படிப்பையே படிக்கிறானாம், போன் நம்பர் கேட்டார். ஒருவர் சின்னவனுக்குக் கண்ணாடி உண்டா என்றார். எதிர்வீட்டு அம்மா லீவுக்கு எப்போது வருவார்கள் என்று கேட்டு, மெத்தை பத்தாவிட்டால் தன் வீட்டில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். வீடுமாத்தி கழுத்து வியர்க்க, "பரீட்சை நேரம், பரீட்சை நேரம்" என்று சமாளித்தார். ஹெட்மாஸ்டர், "எந்தக் கல்லூரி? அதன் முதல்வர் என் மாணவராக இருக்கக்கூடும்" என்று ஆரம்பித்தபோது பல்லக்கா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அங்கே ஹெட்மாஸ்டர் மகள் துணி அலசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இவர்கள் வந்ததிலிருந்து முன்பக்கமே வரவில்லை.

"எங்கப்பா லைப்ரரிக்காக வரலக்கா" என்றாள் தலை நிமிராமல். "எனக்காக. நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன். என் வீட்டுக்காரரை. இந்தத் தெருவுல பால் வாங்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள நாலு பேருக்குப் பதில் சொல்லணும். நல்லவங்கதான். அழுதா கூட உக்காந்து அழுவாங்க. ஆனா அழுதுதான் ஆகணும்."

பல்லக்கா துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

"உங்க வீட்டுல தண்ணி எப்பிடி?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். சில நாள் மறந்துரும்."

"காத்து?"

"ஜன்னலைத் திறந்தா சுவரு. அவரு போன்ல புளுகினது."

"பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"வந்ததுலருந்து தெரியாது. கதவு தொறக்குற சத்தம் கேக்கும்."

அந்தப் பெண் ஈரத் துணியோடு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். மலையையும் அருவியையும் பற்றிக் கேட்டவள்போல, "எவ்வளவு நல்லா இருக்கு" என்றாள்.

பிறகு மெதுவாக, "உங்களுக்குப் பசங்க இல்லல்ல?" என்றாள்.

பல்லக்காவின் கை நின்றது.

"பசங்க லீவுக்கு வர்ற வீடுன்னா ரெண்டாவது ரூமைத் திறந்து பாத்திருப்பீங்க. இங்கருந்தே பாத்தேன், நீங்க அந்தப் பக்கமே போகல. நான் சொல்ல மாட்டேன். ஆனா எதிர்வீட்டம்மா கண்டுபிடிச்சிருவாங்க. முதல் லீவு வரைக்கும் தாங்கும்."

கிளம்பும்போது ஹெட்மாஸ்டர், "இன்று மாலைக்குள் முடிவைத் தெரிவித்துவிடுங்கள். இன்னொருவரும் கேட்கிறார்" என்றார். அன்றைக்கு ரிட்டன் லோடு இல்லை. வெறும் வண்டி பள்ளம் கண்ட இடமெல்லாம் குதித்தது. வீடுமாத்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். திட்டு எப்போது விழும் என்று தோள் இரண்டையும் தூக்கிவைத்துக் காத்திருந்தார்.  

"அவனுங்க உன்னையத்தான் அடுத்து கேக்கப் போறானுங்கன்னு தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "எத்தனை பிள்ளைங்கன்னு என்னைக் கேட்டாங்க. இல்லன்னா, ஏன் இல்ல, யாருக்குக் கோளாறு, எந்த டாக்டரு... அப்பிடியே உன்கிட்ட வந்துருவாங்க. ரெண்டுன்னு சொல்லிட்டா நின்னுரும்னு நெனச்சேன்."

ஆக, அந்தக் கேள்வி அவளை எப்படிச் சுடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லாததை இத்தனை வருஷமும் இவர் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார்.

"நின்னுச்சா?" என்றாள்.

"எங்க. ஹாஸ்டல் சாப்பாடு எப்பிடின்னு கேக்குறானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"பெரியவன் என்ன படிக்கிறான்?"

"கட்டட என்ஜினியருக்கு. நல்லாப் படிப்பான், கொஞ்சம் அழுத்தக்காரன்."

"சின்னவன்?"

"படிப்பு சுமார்தான். வண்டின்னா உசுரு. ஸ்டியரிங்கைக் கையில குடுத்தா எறங்க மாட்டான்."

யோசிக்கவே இல்லை, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல வந்தது பதில். பல்லக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். இது இன்றைக்கு வெயிலில் மூன்று பேர் மடக்கியபோது முளைத்த பொய் இல்லை. இன்றைக்கு முளைத்திருந்தால் இந்த உயரம் வளர்ந்திருக்காது.

"எப்போலருந்து?"

அவர் கியரை மாற்றினார். தேவையே இல்லாத இடம்.

"ரிட்டன் லோடு கிடைக்காத நாள்ல... இந்த சீட்டு சும்மாதான கிடக்கும். பேசிட்டு வர ஆள் வேணும்ல."

"பேரு?"

"பேரு வைக்கல. அது உன் வேலைன்னு விட்டுட்டேன்."

ரோட்டோர டீக்கடை ஒன்று வந்தது. "நிறுத்துங்க" என்றாள். இரண்டு டீ, ஆளுக்கு ஒரு பன். கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"அந்த ஜன்னலைப் பாத்தியா?" என்றார் அவர். "வண்டி முழுசாத் தெரிஞ்சுது."

"பாத்தேன். உங்க மூஞ்சியையும் பாத்தேன்."

"நீ சொல்லு. உனக்கு எப்பிடியோ அப்பிடி."

"அங்க போனா லீவுக்கு ரெண்டு பேரும் வந்தாகணும். எங்கருந்து கூட்டிட்டு வருவீங்க?"

அவர் பன்னைப் பிய்த்தார். வாயில் போடவில்லை.

"நம்ம தெருவுல யாராவது கேப்பாங்களா?"

"அங்க எவன் கேக்குறான். என்னையே எவனும் கேக்க மாட்டான்."

"அப்ப அவனுங்க நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

போன் அடித்தது. ஹெட்மாஸ்டர். வீடுமாத்தி போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சின்னப் பையன் பிரம்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பல்லக்கா பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"சார், மன்னிச்சுக்கங்க. வீடு அருமையான வீடு. ஆனா பெரியவனுக்கு ஊரு பிடிக்கல சார். இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டோம். லைப்ரரி இல்லாத ஊருக்கு வரவே மாட்டேங்கிறான்."

 மறுமுனையில் ஹெட்மாஸ்டர் குரல் தழுதழுத்தது. "அறிவுள்ள பிள்ளை! இதைத்தான் நான் நாற்பது ஆண்டுகளாக இந்த ஊருக்குச் சொல்லி வருகிறேன். அவனை நான் சந்திக்க வேண்டும்."

"ரொம்பக் கூச்ச சுபாவம் சார். உங்களுக்கு வீடு எங்க தெருவுலயே நாங்க பாத்துத் தர்றோம். மாசம் ஒண்ணு காலியாகுது, இவருதான் காலி பண்றாரு. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஜன்னலைத் திறந்தா சுவரு இருக்குற வீடாவே பாக்குறேன்னு. அவங்களுக்குப் புரியும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். வீடுமாத்தி சாவியைத் திருகாமல், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சற்றுநேரம் இருந்தார். ரோட்டில் நகரத்தை நோக்கி வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின.

"சின்னவனை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே நீ" என்றார்.

"அவனைத் தெரியாதா எனக்கு? அவனுக்கு அந்த ஜன்னலை விட்டு வர மனசே இல்ல" என்றாள் பல்லக்கா, புடவையில் விழுந்த பன் துணுக்கைத் தட்டிவிட்டபடி. "ஆனா சொன்னாக் கேட்டுக்குவான். நல்ல பையன்."

அவர் சாவியைத் திருகினார்.